தணிகாசலம் கொன்ற தவளை

தணிகாசலம் பாம்புக்கும் பயப்படாதவன். மேற்கு மாம்பலத்துக் குட்டைகளில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தவளை பிடித்து வந்து, எங்கள் மயிலாப்பூர் கல்லூரி விலங்கியல் கூடத்தில் கொன்று கொடுப்பதுதான் பத்து வருஷமாக அவன் வேலை. 1946-இல் அவன் மனைவி தேவானை முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் ஓர் உயிரையும் கொல்லக்கூடாது அல்லவா? பிடிப்பதோடு நிறுத்திக்கொண்டான். கொல்வது இன்னொரு சிப்பந்தி அய்யாதுரையின் பொறுப்பாயிற்று.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் அய்யாதுரை வரவில்லை. வகுப்பு நிற்கக்கூடாது என்று பேராசிரியர் கத்தினார். தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு, தவளை இருந்த ஜாடிக்குள் குளோரோபார்ம் நனைத்த பஞ்சைப் போட்டான்.

நான் அப்போது அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர்; பையன்களுக்கு அறுத்துக் காட்டுவது என் வேலை. செத்த தவளையின் வாயை அறுத்து விரித்து, மேலண்ணத்தில் ஒரு தக்கைத் துணுக்கை வைத்தேன். அது தானாக வயிற்றுப் பக்கம் நகர்ந்தது. தணிகாசலத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"அது இன்னும் சாவல சார்" என்றான்.

படித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? தவளை செத்துவிட்டது, அதன் தொண்டைச் செல்கள்தான் இன்னும் சாகவில்லை என்றேன். ஒவ்வொரு செல்லின் மேலும் சிலியா என்ற குட்டை மயிர்கள் நாற்று நட்டாற்போல் நெருக்கமாக இருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பக்கம் துடுப்புப் போடும். செல் இருந்த இடத்திலேயே இருக்கும், மேலே இருப்பதுதான் நகரும் என்றேன். அவன் மூச்சு கொஞ்சம் சீரானது. அதோடு விட்டிருக்கலாம். பிளாஜெல்லம் என்கிற வால் வேறு மாதிரி என்று காட்டுவதற்காக, அதே தவளையின் விந்துத் துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இங்கே செல்லுக்கு ஒரே வால், நல்ல நீளம். அது நெளிந்து நெளிந்து செல்லையே தள்ளிக்கொண்டு போகும்.

வெகுநேரம் பார்த்தான். எங்கே ஓடுகின்றன என்று கேட்டான். முட்டையைத் தேடித்தான், குஞ்சு உண்டாக்க என்றேன்.

"ஒண்ணுதான் கொன்னேன்னு நெனச்சேன் சார். இத்தினி புள்ளைங்களா?"

நான் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணாடித் தகட்டை எடுத்துவிட்டேன்.

அன்று மாலை அடையாற்றங்கரைக் குடிசைக்குப் போனவன், பயத்தைத் தனியாகச் சுமக்க முடியாமல் எல்லாவற்றையும் தேவானையிடம் கொட்டிவிட்டான். அவள் திட்டவில்லையாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். கடைசியில் அவள் சொன்னதை மறுநாள் என்னிடம் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ சொல்லாமலே இருந்துருக்கலாம்யா. இன்னும் ரெண்டு மாசம் நானும் பயந்துக்கினு கெடக்கணும்."