அத்தானின் அமெதிஸ்ட்

“...நம்ம பண்ற கூத்துக்கு அது என்ன பண்ணும், பாவம் லா பாப்பா அது. ஆல்கஹால் மேல படக்கூடாதுன்னு கடைக்கார பாய் அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல?” என்றார் அத்தான்.

ஈசூனில் அவருடைய அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும், பீரும் விற்கிற காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். போன மாதம், ஒரு சாயங்கால நேரம். மேசையில் ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர், பக்கத்தில் ஐஸ் போட்ட கிளாஸ். என் அக்கா, அதாவது அவருடைய மனைவி, வீட்டை விட்டுக் கிளம்பி பிடோக்கில் மகளோடு போய்த் தங்கிவிட்டாள். அவளைத் திரும்பக் கூட்டி வர ஏதாவது வழி உண்டா என்று இவரிடம் பேசிப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். இவரோ வலது மணிக்கட்டில் கிடந்த ஊதாக்கல் பிரேஸ்லெட்டுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அவருக்கு இன்னும் நான் பாப்பாதான். அதனால் அவர்மேல் கோபப்படுவதுகூட எனக்கு முழுசாக வாய்த்ததில்லை.

அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமான்களை அவர் மாதிரிப் பேணுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மின்விசிறியின் றெக்கைகளைக் கழற்றித் துடைப்பார். குடையை நனைந்தபடி மடக்கிவைத்தால் அவருக்குப் பொறுக்காது. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய தையல் மிஷின் இன்றும் சத்தமில்லாமல் ஓடுகிறது என்றால் அது அவர் விட்ட எண்ணெய். “நம்மள நம்பி வந்த சாமான் பாப்பா, நம்மதானே பாக்கணும்” என்பார். சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வரும்: “நானும் அப்படித்தாங்க நம்பி வந்தேன்.” அத்தான் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். பல வருஷம் அதை வெறும் கேலி என்றே நினைத்துச் சிரித்தேன்.

குடி மட்டும் அவரைவிட்டுப் போகவில்லை. சத்தம் போடமாட்டார், கை நீட்டமாட்டார், விழுந்து கிடக்கமாட்டார். தினமும் கீழே இறங்கிப்போய் குடித்துவிட்டு மேலே வந்து, செருப்பை வரிசையாக வைத்துவிட்டு, மகளோடும் பேசாமல் மனைவியோடும் பேசாமல் தூங்கிவிடுவார். “அடிக்கிற மனுசன்னா போலீசுக்குப் போகலாம். இவரை எங்கேடி கொண்டுபோய்க் கொடுக்க?” என்று அக்கா கேட்பாள். கோயிலில் வேண்டினாள். மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கினாள். மருத்துவமனையில் ஆலோசனைக்கு அழைத்துப் போனாள், கூட நானும் போனேன். அங்கே அவர் மரியாதையாக உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கிளம்பும்போது கதவின் கீல் கிறீச்சிடுவதை அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார்.

போன வருஷம், அக்கா சமையல் வேலைக்குப் போகிற குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் யாரோ அவளுடைய போனுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அமெதிஸ்ட் என்கிற ஊதாக்கல்லை அணிந்தால் குடிப்பழக்கம் தானாக விலகும் என்று அதில் ஒரு பெண் சொன்னாளாம். “நான் நம்பலடி. ஆனா ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருக்க முடியல” என்றாள் அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். ஊரிலுள்ள அத்தனை வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சிராங்கூன் சாலையில்தான் இருந்தார்கள். கூட்டத்தில் நீந்தி, ஒரு பக்கத்துச் சந்தில் எனக்குப் பழக்கமான கல்கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், பெரியவர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

பாய் வெள்ளைத் துணியை விரித்து நாலைந்து பிரேஸ்லெட்டை அதன்மேல் வைத்தார். அக்கா கையை நீட்டியது இருப்பதிலேயே கறுத்த ஊதாவுக்கு. “இதுதான் கெட்டியா இருக்கு. வேகமா வேலை செய்யும்.” பாய் சிரித்தார். “காப்பியாம்மா இது, கெட்டியா கலக்க? எல்லா மணியும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருந்தா சந்தேகப்படணும் தங்கச்சி. ஒண்ணு வெளுப்பா, ஒண்ணு அடர்த்தியா, அப்படித்தான் மண்ணு கொடுக்கும்.” கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கல் என்றால் ஜில்லென்று இருக்கும், சூடேற நேரம் எடுக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அதற்குள் அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒன்றை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்திருந்தார். பற்றவைத்த இடத்தில் விரிசல் தேடிப் பழகிய கண். “இதுல உள்ள முட்டை முட்டையா காத்து இருக்கு பாய். கண்ணாடிதானே இது?” என்றார். அதை யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று பாய் எடுத்து ஓரமாக வைத்தார். இன்னொன்றை உருட்டிப் பார்த்து, மணியில் துளையின் விளிம்பு பிசிறாக இருக்கிறது, நூலை அறுத்துவிடும் என்றார் அத்தான். பாய்க்கு ஒரே சந்தோஷம். கடைசியில் மெல்லிய கோடுகள் ஓடுகிற ஒன்று கிடைத்தது. மணிக்கட்டுக்கும் மணிக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற மாதிரி அளவு பார்த்துக் கோத்துக் கொடுத்தார்.

அக்கா அப்போதுதான் கேட்டாள், அத்தானை வைத்துக்கொண்டே: “பாய், இது அதை நிறுத்திடுமா?” எது என்று பாய் கேட்கவில்லை. “கல்லுக்கு நான் பொறுப்பு தங்கச்சி. போடுறவருக்கு நான் எப்படிப் பொறுப்பேத்துக்க முடியும்?” என்றார். பிறகு பேச்சை மாற்ற நினைத்தோ என்னவோ, பராமரிப்பைப் பற்றி நீளமாகச் சொன்னார். வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும். இழுத்து மாட்டாமல் விரல்மேல் உருட்டிப் போடவேண்டும், உருட்டிக் கழற்ற வேண்டும். குளிக்கும்போது வேண்டாம். அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பேபி ஷாம்பு. மற்ற நகையோடு போடாமல் தனியாகத் துணிப் பையில். “சென்ட், சானிடைசர், ஆல்கஹால் இருக்கிற எதுவும் மேல படாமப் பாத்துக்குங்கண்ணே.” அத்தான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் மருத்துவமனையிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை பாய் சொன்னதையெல்லாம் அப்படியே கடைப்பிடித்தார். அதுதான் வினை.

அந்தக் கல்லுக்கு நடந்த ராஜ உபசாரத்தை என்ன சொல்ல. மேற்குப் பார்த்த படுக்கையறை ஜன்னலுக்குத் திரை போடச் சொல்லி அக்கா எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “வெயில்தானே, போயிடும்” என்பார். கல் வந்த வாரத்திலேயே திரை தொங்கியது. அது நல்ல சகுனம் என்று அக்கா எனக்கு போன் பண்ணிச் சொன்னாள். குரலில் அப்படி ஒரு குதூகலம். வீட்டுக்கு வரும்போது மணிக்கட்டில் கல் பளபளவென்று இருக்கிறது, கொஞ்சம் குறைத்திருக்கிறார் போல, வாடைகூட அவ்வளவாக இல்லை என்றாள். எதை நம்ப ஆசைப்படுகிறோமோ, மூக்குகூட அதற்கு ஒத்துப்போகும் போல.

ஒருநாள் கொத்தமல்லி வாங்கக் கீழே இறங்கியவள், காப்பிக்கடையில் அவரைப் பார்த்திருக்கிறாள். பிரேஸ்லெட்டை மணி மணியாக உருட்டிக் கழற்றி, துணிப் பையில் போட்டு, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாராம். கடையில் பீர் எடுத்து வரும் சீன ஆன்ட்டி அதைப் பார்த்ததும், எதுவும் கேட்காமலே பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாராம். கல்லைக் கழற்றினால் பாட்டில் வரவேண்டும் என்பது அந்தக் கடையில் அதற்குள் வழக்கமாகிவிட்டிருந்தது. அக்கா என்னிடம் இதைச் சொல்லும்போது முதலில் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

கல்லீரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு சொட்டும் ஆகாது என்று பாலிகிளினிக்கில் டாக்டர் சொன்னது அதற்குப் பிறகு. அன்றும் அவர் இறங்கிப் போனார். மறுநாள் அக்கா ஒரு பெட்டியோடு பிடோக்குக்குப் போய்விட்டாள். அழவில்லை. “கல்லை எவ்வளவு அழகாப் பாத்துக்கிறாரு பாரு. நானும் கல்லாப் பொறந்திருக்கலாம்டி” என்றாள். யார்மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வீடியோ அனுப்பியவர்மேலா, தலையாட்டுகிற இந்த மனிதர்மேலா, கடை தேடிக் கூட்டிப்போன என்மேலா? அவர் கெட்டவராக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

அதனால்தான் அன்று காப்பிக்கடையில் நேராகவே சொன்னேன். “அத்தான், அக்கா கேக்குறது ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு ஒரு நாள் குடிக்காம, தெளிவா வந்து ‘வீட்டுக்கு வா’ன்னு உங்க வாயால கூப்பிடணுமாம். இப்பவே எழுந்திரிங்க. எம்ஆர்டி ரயில்ல நானும் கூட வர்றேன்.” அவர் கேட்டுக்கொண்டார். தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே பிரேஸ்லெட்டை உருட்ட ஆரம்பித்தார். ஆன்ட்டி பாட்டிலோடு வந்துவிட்டார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “கழட்டாதீங்க. குடிக்கிறதுன்னா போட்டுக்கிட்டே குடிங்க. அக்கா வாங்கிக் கொடுத்தது அது. அதை வெச்சுக்கிட்டே குடிங்க, பாக்கலாம்.” அப்போது அவர் சொன்னதுதான் அந்தப் ‘பாவம் லா பாப்பா அது’. நான் விடவில்லை. பாதி கழன்றிருந்த மணிகளைத் திரும்ப உருட்டி மணிக்கட்டில் ஏற்றினேன். அவர் தடுக்கவில்லை. கிளாசில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அத்தான் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எம்ஆர்டி பக்கம் போகிற ஆட்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன்.

அவர் வலது கையைக் கல்லோடு மேசைக்கு அடியில் மடிமேல் பத்திரமாக வைத்துக்கொண்டு, இடது கையால் கிளாசை எடுத்தார்.