காலில் கட்டாத கயிறு

என் கணவர் கடலில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. இன்றைக்கும் என்னைப் போட்டு உலுக்குவது அதுதான். படகின் முன்பக்கம், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். இன்ஜின் இரைச்சல், காற்று, முகத்தில் அடிக்கும் உப்புத் தண்ணீர். "கொஞ்சம் மெள்ளப் போங்களேன்" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். ஓட்டுகிற இருக்கையில் ஆளைக் காணோம். படகு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

நான் இருபது வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள். அதில் பாதிக்கு மேல் ஐ.சி.யு. டியூட்டி. மூச்சு நின்றுபோனவர்களின் கட்டிலருகே கை நடுங்காமல் நின்றிருக்கிறேன், பதறி அழும் ஜூனியர் பிள்ளைகளை அதட்டி வேலை வாங்கியிருக்கிறேன். அந்தக் காலி இருக்கையைப் பார்த்ததும் என் பெயர்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பழி அவர்மேல் போகும். மூன்று வருஷமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரி. அப்பா கடலுக்குப் போனவர், அண்ணன்மார் இப்போதும் போகிறார்கள். ஆனால் முப்பத்தொன்பது வயதுவரை நான் ஒரு படகில் கால் வைத்ததில்லை. எங்கள் ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறக்கூடாது, ஏறினால் மீன்பாடு கெட்டுவிடும் என்பார்கள். மீனைச் சுமக்கலாம், விற்கலாம், அறுக்கலாம், காயப்போடலாம். ஏறத்தான் கூடாது. அவரோ மலையோரத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. கடல் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குப் போய்க் கால் நனைத்துவிட்டு வருகிற இடம், அவ்வளவுதான் அவருக்கு.

துபாய்க்குப் பக்கத்தில், அஜ்மானில் எங்கள் ஃப்ளாட். அவருக்கு லிஃப்ட் டெக்னீஷியன் வேலை. கூட வேலை பார்த்த ஒருவர் ஒரேயடியாக ஊருக்குப் போனபோது, இருபத்தோரடி நீளப் பழைய ஃபைபர் படகு ஒன்றை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன்.

"எட்டி, நான் ஒரு படகு வாங்கிட்டேன்."

கத்தி அப்படியே நின்றுவிட்டது. "என்னத்த?"

"படகு. மீன் பிடிக்கத்துக்கு."

"வாஷிங் மெஷின மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா தொண்டத் தண்ணி வத்தக் கத்துகேன். படகா? ஏசுவே! நீச்சல் குளத்துல இறங்கவே ஒரு மணிக்கூர் யோசிக்கிற ஆளு நீங்க!"

மனிதர் சிரித்துக்கொண்டே நின்றார். நீச்சலையும் அதன்பிறகு முறையாகக் கற்றுக்கொண்டார். எதையும் முறையாகச் செய்கிறவர் அவர்.

படகு உம் அல் குவைனில் ஒரு யார்டில், ட்ரெயிலர்மேல் நிற்கும். அதைப் பராமரிக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் பச்சைப் பிள்ளை வளர்ப்பது லேசு என்று தோன்றும். கடலிலிருந்து திரும்பியதும் முதல் குளியல் இன்ஜினுக்குத்தான். இரண்டு பக்கமும் ரப்பர் மூடியைப் பொருத்தி, ஹோஸைச் சொருகி, நல்ல தண்ணீரில் பதினைந்து நிமிஷம் ஓட விடுவார். "இங்கத்த உப்பு இரும்பத் தின்னும்" என்பார். நான் வெயிலில் கருவாடாகிக்கொண்டிருப்பேன். பிறகு அடியிலிருக்கிற மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே தேங்கிய தண்ணீரை வடிப்பார், ஸ்டியரிங் கேபிளுக்கு கிரீஸ் போடுவார், தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓடுகிறதா என்று தட்டிப் பார்ப்பார், புரொப்பெல்லரில் நூல் சுற்றியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். அறுந்த தூண்டில் நூல் ஒரு முழம் சுற்றினாலே சீல் போய்விடுமாம்.

லிஃப்ட் வேலைக்காரருக்குச் செக்லிஸ்ட்தான் வேதம். படகுக்கும் ஒன்று டைப் அடித்து, லாமினேட் செய்து, ஸ்டியரிங் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பதினாறு வரிகள். ஒவ்வொரு முறை கிளம்புவதற்கு முன்னும் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, வாய்விட்டுப் படிப்பார். பதினாறாவது வரி, சிவப்புக் கயிறு. பழைய டெலிஃபோன் வயர்போலச் சுருள் சுருளாக இருக்கும். ஒரு நுனி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற லீவருக்குக் கீழே ஒரு ஸ்விட்சில் செருகியிருக்கும். மறு நுனியை ஓட்டுகிறவர் காலில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், இன்ஜின் அந்த நொடியே நின்றுவிடும்.

"சிவப்புக் கயிறு. இழுத்தா நிக்கும். எனக்கு ஒண்ணு ஆனா நீ இத இழு. வேற ஒண்ணும் செய்யாண்டாம்." ஒவ்வொரு வாரமும் இதே வார்த்தை, இதே ராகம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாலைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவோம். அங்கே நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, விரலை நீட்டி, அவர் குரலிலேயே பதினாறு வரியையும் ஒப்பிப்பேன். கடைசி வரிக்கு வரும்போது ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். "எங்கப்பா நாப்பது வருஷம் கடலுக்குப் போனாரு. அரைஞாண் கயிறு தவிர வேற கயிறு கட்டினதில்ல" என்று முடிப்பேன். அவரும் சேர்ந்துதான் சிரிப்பார்.

கிண்டலடித்தேனே தவிர, படகில் போவதை நான் விடவில்லை. முதல் தடவை போனபோதே என் தூண்டிலில் ஒரு சீலாவு மாட்டியது. கை நீளம், கூர்மூக்கு, வாய் நிறையப் பல். சீலாவை அறுத்தே வளர்ந்தவள் நான். ஆனால் அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பியபோது என்னையறியாமல் அலறிவிட்டேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் செத்த மீன்! உயிரோடு அதன் முதுகு பச்சையாக இருக்கும் என்று எங்கள் வீட்டு ஆண்கள் ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை. அன்றிலிருந்து சனிக்கிழமை டியூட்டி விழுந்தால் சண்டை போட்டு மாற்றிக்கொண்டு ஓடினேன்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவில் எங்களுக்குப் பின்னால் இன்னொரு படகோடு நான்கு இளவட்டங்கள் காத்திருந்தார்கள். பேச்சைக் கேட்டால் இரண்டு பேர் தமிழ், இரண்டு பேர் மலையாளம். படகு தண்ணீரில் இறங்கியும் இவர் நகரவில்லை. நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று படித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் நிற்கிறவர்கள் நெளிகிறார்கள். எனக்கு மானம் போகிறது. கடைசியில் மனிதர் குனிந்து கயிற்றைக் காலில் மாட்டினார். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"ஏங்க, சங்கிலி போட்டாச்சா? இனி குரைக்கத்தான் பாக்கி!"

நான்கு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவர் காது மடல் சிவந்துபோனது. குனிந்து, காலில் மாட்டியதைக் கழற்றி, லீவரில் தொங்கப் போட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சரி, இன்னைக்கு அவுத்து விட்டாச்சு. திருப்தியா?"

"ரொம்பத் திருப்தி" என்றேன்.

அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஒரு பெரிய உல்லாசப் படகு எங்களைக் கடந்து போனது. அது கிளப்பிய அலை இரண்டு வரிசையாக வந்தது. முதல் அலையில் பின்பக்கம் நிறுத்தியிருந்த தூண்டில் சரிந்ததாம், அதைப் பிடிக்க இவர் எழுந்து கையை நீட்டினாராம், இரண்டாவது அலை தூக்கி எறிந்ததாம். இதெல்லாம் அவர் பிறகு சொன்னது. எனக்குத் தெரிந்தது காலி இருக்கை மட்டும்.

ஸ்டியரிங் தானாகச் சுழன்றது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டமடிக்க ஆரம்பித்தது. நான் பெட்டியிலிருந்து உருண்டு கீழே விழுந்தேன். முட்டி போட்டு எழுந்து பார்த்தபோது, தூரத்தில் தண்ணீரில் ஓர் ஆரஞ்சு நிறப் புள்ளி. அவருடைய லைஃப் ஜாக்கெட். கையை ஆட்டுகிறார். அப்பாடா, உயிரோடிருக்கிறார் என்று ஒரு நொடி நினைத்தேன். அடுத்த நொடி ஆரஞ்சுப் புள்ளி பெரிதானது. படகு சுற்றி வளைத்து அவரை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. ஐயோ மாதாவே, நான் உட்கார்ந்திருக்கிற படகே அவரை அறுக்கப் போகிறது!

முதல் சுற்றில் தள்ளிப் போனது. இரண்டாவது சுற்றில் அவர் முகம் தெரிந்தது. தண்ணீருக்குள் முங்கித் தப்பலாம் என்றால் ஜாக்கெட் விடாது, மிதக்கத்தான் வைக்கும். வாயைத் திறந்து என்னவோ கத்துகிறார், கேட்கவில்லை. நான் தவழ்ந்து போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அது என் கையை உதறிவிட்டது. அது பொருத்தியிருக்கிற தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்முன் எத்தனையோ பட்டன், சாவி, லீவர். எதைத் தொட்டால் நிற்கும், எதைத் தொட்டால் பாயும்? அப்பாவின் கடல், அண்ணன்மாரின் கடல் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. என் தலைக்குள் கேட்டது என் குரல்தான். கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஆட்களைச் சிரிக்கவைக்க நான் ராகம் போட்ட அதே குரல். சிவப்புக் கயிறு. இழுத்தா நிக்கும்.

லீவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்தேன்.

இன்ஜின் செத்தது. படகு போன வேகத்தில் இன்னும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போய் நின்றபோது அவருக்கும் படகுக்கும் இரண்டு கட்டில் தூரம். அந்த அமைதியில் அவர் மூச்சு வாங்குகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நீந்தி வந்து பின்னாலிருக்கிற ஏணியைப் பிடித்தார். ஜாக்கெட்டின் வாரைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டேன். தலையில் அடிபட்டிருக்கிறதா, கை கால் அசைகிறதா என்று பார்த்தேன். நாடி பார்க்கப் போனால் என் விரல் நிற்கவில்லை. இருபது வருஷ சர்வீஸில் நாடி கிடைக்காமல் தவித்தது அன்றைக்குத்தான். பிறகு அவர் தோளில் மாறி மாறி அடித்தேன், ஏன் அடிக்கிறேன் என்று தெரியாமலே.

என் அலறலைக் கேட்டு ஒரு சின்ன மீன்பிடிப் படகு அருகே வந்தது. அதில் இரண்டு பங்களாதேஷ்காரர்கள். பெரியவர் என்னைப் பார்த்துப் பதறிப்போய், "கியா ஹுவா பாபி?" என்றார். என்ன ஆயிற்று அண்ணி என்று கேட்கிறார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர், பல் கிட்டிக்கொண்டிருக்க, லீவரைக் காட்டி இந்தியில் சொன்னார்:

"மறந்துபோச்சு பாய். கயிறு மாட்ட மறந்துட்டேன்."

மறந்துவிட்டாராம்! செத்துப் பிழைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த மனிதருக்கு எனக்காகப் பொய் சொல்லத் தோன்றியிருக்கிறது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். கரைக்கு வந்து, ட்ரெயிலரில் ஏற்றி, வழக்கம்போல இன்ஜினுக்கு நல்ல தண்ணீர் விட்டார், பதினைந்து நிமிஷம், ஒரு நிமிஷம் குறையாமல். நான் காருக்குள் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு அழுதேன். திட்டுவார், திட்டுவார் என்று வீடுவரை காத்திருந்தேன். திட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அங்கேயும் அவர் "மறந்துபோச்சு" என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "பதினஞ்சு வர படிச்சுட்டு பதினாறாவத முழுங்கிட்டாரு!" "அண்ணன் பாக்குற லிஃப்ட்ல இனி ஏறமாட்டேன், படியில போறேன்!" மனிதர் தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். எந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் பெருமை உண்டோ, அந்த இடத்தில் அடி. நான் பரிமாறுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன். ஊரையே வாயால் அளக்கிறவள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஞாயிறு மட்டுமா? மூன்று வருஷம்.

போன மாதம் புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு யாரோ அந்தக் கதையை எடுத்துவிட்டார்கள். மறுபடியும் அதே சிரிப்பு. எனக்கு என்ன ஆனதோ, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "அவர் மறக்கல. கயித்த மாட்டத்தான் செஞ்சாரு. நான் நாயின்னு கிண்டல் பண்ணினேன், அதுனால கழத்திப் போட்டாரு. தப்பு என்மேல."

அவர் மீன் குழம்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அவ சும்மா சொல்லுகா. எனக்காகப் பழிய ஏத்துக்கிடுகா. நான் மறந்துட்டேன்."

உடனே எல்லோரும் என்னைப் பார்த்து உருகினார்கள். எவ்வளவு நல்ல மனைவி என்றார்கள்! புதிதாக வந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, புருஷன விட்டுக்குடுக்க மாட்டீங்க போல" என்றாள்.

அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன். இங்கே அவரால் குறுக்கே பேச முடியாது. அன்றைக்கு அவர் எதையும் மறக்கவில்லை.