பாலத்தைத் தாண்டாத டெல்பர்ட்

எங்கள் ஊரில் டெல்பர்ட்டைத் தெரியாத போலீஸ்காரர் கிடையாது. இந்தக் கென்டக்கி மலைச்சாலையில் எந்தக் கார் பள்ளத்தில் விழுந்தாலும், இழுத்துப் போட என் வீட்டுக்காரரான அவருடைய லாரியைத்தான் கூப்பிடுவார்கள். கூடவே நின்று காப்பி குடிப்பார்கள். அவருடைய லைசென்ஸை வாங்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றியதில்லை. இத்தனை காலம் அவர் தப்பித்தது அதனால்தான்.

ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம். அங்கிருந்து யாராவது கூப்பிட்டால், "லாரியில பிரேக் சரியில்ல" என்று போனை வைத்துவிடுவார். எங்கள் மகள் ரெனீயின் கல்யாணம் அந்தப் பக்கத்துச் சர்ச்சில்தான் நடந்தது. அன்று காலை முதுகு பிடித்துக்கொண்டது என்று படுத்துவிட்டார். நான் தனியாகப் போய், பார்த்தவர்களிடமெல்லாம் முதுகுக் கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், மனுஷன் லாரிக்கு அடியில் புகுந்து ஸ்பானரைத் திருகிக்கொண்டிருக்கிறார். சும்மா விடுவேனா? அழுதுகொண்டே எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

எப்போதோ வேகமாக ஓட்டியதற்கு அந்த மாவட்டத்துப் போலீஸ் எழுதிக் கொடுத்த ஒரு அபராத டிக்கெட். எங்கள் ஊர் மதுக்கடையில் உட்காருகிறவர்கள் எல்லாரும் பாதி வக்கீல்கள். டிக்கெட் எழுதின போலீஸ்காரர் கோர்ட்டுக்கு வராவிட்டால் கேஸ் தள்ளுபடி என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் போலீஸ்காரரோ விசாரணைக்கு முன்பே வேலையை விட்டு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார்.

"அவரே வரப்போறதில்ல, நான் எதுக்குப் போகணும்னு இருந்துட்டேன் புள்ள."

"ஏய்யா, அவரு வரலைன்னு சொல்றதுக்காவது நீ அங்க நிக்க வேணாமா?"

நீதிபதி பெயரைக் கூப்பிட்டிருக்கிறார், ஆள் இல்லை. உடனே பிடிவாரண்ட்.

ரெனீ அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். உண்மையைச் சொல்ல இவருக்கு வெட்கம், என்னையும் சொல்லவிடவில்லை. போன மாதம் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போனில் என்னிடம் சொன்னாள்: "இப்பவும் அவருக்கு முதுகு பிடிச்சுக்கிட்டா, இனிமே வரவே வேணாம்னு சொல்லிடும்மா."

அன்றைக்கே அவரை வக்கீல் மார்லா காம்ஸிடம் இழுத்துப் போனேன்.

"குடிச்சிட்டு ஓட்டினியா?" என்றாள் மார்லா.

"இல்லம்மா."

"யாரையாவது இடிச்சியா?"

"ஐயோ, இல்லம்மா."

"அப்புறம் என்னத்துக்குய்யா கொலைகாரன் மாதிரி ஒளிஞ்சிக்கிட்டிருந்த? அவங்களா பிடிச்சா நீ கைதி. நீயா போய் நின்னா மறந்துபோன ஆளு, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில கோர்ட்டுக்கு வந்து சேரு. நல்லவேளை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டல. திங்கக்கிழமை வரைக்கும் உள்ளதான் கிடந்திருப்ப."

மறுநாள் நான்தான் காரை ஓட்டினேன். பாலத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏன் வரவில்லை என்று நீதிபதி கேட்டதும், ஃப்ளோரிடாக் கதையை அப்படியே சொன்னார். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. நன்றாகத் திட்டி, வராமல் போனதற்கு அபராதம் போட்டு, வாரண்டை ரத்து செய்தார். டிக்கெட்டுக்குச் சாட்சி இல்லை என்று அரசு வக்கீலே அதைக் கைவிட்டுவிட்டார்.

பெஞ்சுக்குத் திரும்பி வந்தவர், "நான் சொன்னேன்ல?" என்று என் காதில் கிசுகிசுத்தார். தொடையில் கிள்ளினேன்.

வெளியே வந்ததும் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பின்னால் போலீஸ் விளக்கு சுழன்றது. ஓரம் கட்டி நிறுத்தினார். இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் தெரிகிறமாதிரி வைத்துக்கொண்டார். இளம் போலீஸ்காரர் லைசென்ஸை வாங்கிப் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

"பின்னாடி ஒரு லைட் எரியல சார், மாத்திடுங்க. மத்தபடி உங்க பேர்ல ஒண்ணும் இல்ல. கிளம்புங்க."

"தம்பி, அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "சொல்லிடுங்க தம்பி, பேத்தியைப் பாக்கப் போறாரு" என்றேன். சொன்னார்.

ஆஸ்பத்திரி அறையின் கதவருகில் தயங்கி நின்றவரை ரெனீ ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதுகு எப்படிப்பா இருக்கு?"

"முதுகுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றார் டெல்பர்ட். "அன்னிக்கும் ஒண்ணும் இல்ல."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கதையில் ஃப்ளோரிடா வருவதற்குள் குழந்தை அவர் மடியில் இருந்தது.