மம்சாபுரத்து வெள்ளைக் கெடா

காயடித்த புண் வழியே குடல் சரிந்த பன்றிக்குட்டி ஒன்றை ஈரத்துணியில் சுற்றி, ஒரு அக்கா கொண்டுவந்த காலைப்பொழுது இன்னும் கண்ணில் நிற்கிறது. எண்பதுகளின் பிற்பகுதி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்நடை மருத்துவராக நான் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அக்காவுக்கு மம்சாபுரம், பன்றி வளர்ப்புதான் பிழைப்பு. அவருடைய வெள்ளைக் கெடாவைப் போல வாட்டசாட்டமான ஆண்பன்றி அந்தப் பக்கம் கிடையாது. பல வீட்டுப் பெட்டைகளுக்கும் அதைத்தான் சேர்ப்பார்கள். அதற்குக் கூலியாக ஈற்றுக்கு ஒரு குட்டி அக்காவுக்கு.

குடலை உள்ளே தள்ளித் தைத்தேன். குட்டி பிழைக்கவில்லை.

"இதோட நாலு, டாக்டரம்மா. காயடிக்கிறவன் கை சரியில்லன்னு இனி அவனை யாரும் கூப்பிடமாட்டாக," என்றார்.

கத்தியில் தவறில்லை என்றேன். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே அடிவயிற்றுத் துவாரம் அகன்றிருக்கும். குடல் விதைப்பைக்குள் இறங்கிவிடும். தெரியாமல் அறுத்தால் இப்படித்தான் ஆகும். தாய், தகப்பன் இரு வழியிலும் வரக்கூடிய குறை அது. பெற்ற பன்றிகளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"நாலும் எந்தக் கெடாவுக்குப் பிறந்தது, அக்கா?"

அவர் குட்டியைத் துணியால் மூடினார். "எங்கெடாதான். தாய்ப்பன்னிகளும் பாதி அதுக்குப் பொறந்ததுக."

அதோடு அவர் விட்டிருக்கலாம். விஷயம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். பிற்பாடு எத்தனையோ பண்ணைகளில் இதையே சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள், நல்ல கெடாவை ஒதுக்க மனசு வராது. அக்கா அடுத்த வாரமே என்னை வீட்டுக்கு அழைத்தார். பன்றி வளர்ப்பவர்கள் எல்லாரையும் அங்கே வரச்சொல்லியிருந்தார். காயடிக்கிறவரும் ஓரமாக நின்றார்.

"இவன் கையில குத்தமில்ல. எங்கெடா வம்சத்துல வந்த கோளாறு. அதுக்குப் பொறந்த பெட்டைகளையும் இனத்துக்கு விடாதிய," என்றார். அந்தக் கெடாவுக்கே காயடித்துவிடச் சொன்னார்.

மயக்க ஊசி போட்டுவிட்டு நான் கத்தியை எடுத்தேன். அக்கா தடுத்தார்.

"நீங்க பக்கத்துல நில்லுங்க டாக்டரம்மா. அவந்தான் செய்யணும்."

காயடிக்கிறவர் தயங்கினார். "ஏலே, செய்யி. நான் சொல்லுதேன்லா," என்றார் அக்கா.

கெடாவின் காதைத் தடவியபடி அக்கா தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். காயடிக்கிறவர் சுத்தமாக முடித்தார். அவர் கை கழுவும்போது, முதல் குட்டியைப் பறிகொடுத்த வீட்டுக்காரர் அருகில் வந்தார்.

"நாளைக்கு எங்க வீட்டுக்கு வாரியாப்பா? அஞ்சு குட்டி இருக்கு."