நொட்டைக்காரர் கல்லூரி பார்த்த கதை

பழைய ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ வாங்கி விற்கிற கடை அவருடையது. கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. ஆனால் அதை நிமிர்ந்து பார்த்துப் படித்தவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. தெரு முழுக்க அவரை நொட்டைக்காரர் என்றுதான் சொல்லும். அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. எதிலும் குறை கண்டு நொட்டை சொல்வதுதானே பிழைப்பு.

அந்தப் பிழைப்புக்கு ஒரு முறை உண்டு. சாமான் பிடிக்கவில்லை என்றால் மனுஷன் வாய் நிறையப் புகழ்வார். "நல்ல சாமான்தாங்க, நமக்குத்தான் ஒத்துவராது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பிடித்துவிட்டதென்றால்தான் வந்தது வினை. கதவைத் திறந்து மூடுவார், பின்பக்கம் எட்டிப் பார்ப்பார், மோட்டாரில் காதை வைத்து முகத்தைச் சுளிப்பார். "இதையா இத்தனை நாளா வீட்டுல வெச்சிருந்தீங்க?" என்று கேட்கிற கேள்வியில் விற்கிறவருக்கே தன் சாமான்மேல் வெறுப்பு வந்துவிடும். விலை படியும்வரை வாய் ஓயாது.

அவருடைய மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. கடை என்றால் கவுன்டர் அல்ல, பின்னறை. அட்டைப்பெட்டி பிரிப்பது, அலமாரியில் அடுக்குவது, காலாவதியானதைப் பொறுக்கி எடுப்பது. கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் முன்னால் நிற்கலாம். நான்கு மனிதர் முகம் பார்க்கலாம். அந்த ஆசை அவளுக்கு ரொம்ப நாளாக உண்டு. சமுதாயக் கல்லூரிகளில் மருந்தாளர் உதவியாளர் படிப்பு மாலை வகுப்பாக நடக்கிறது என்று கேள்விப்பட்டதும், முதலாளி லீவு தரமாட்டார் என்பதால் புருஷனைப் பிடித்தாள்.

"ஏங்க, ஓட்டை ஃப்ரிட்ஜைக்கூட ஒரு மணி நேரம் சோதிக்கிறீங்க. நான் ரெண்டு வருஷம் போய் உக்காரப்போற இடம். மூணு காலேஜ் இருக்கு. ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். விட்டா அடுத்த வருஷம்தான்."

அவர் தலையை ஆட்டினார். உள்ளுக்குள் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முகமும் இல்லை.

முதல் கல்லூரியில் ஆய்வகத்தைக் காட்டச் சொன்னார். சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறாராம். எப்போது வருவார் என்று கேட்டதற்கு, போனதே எப்போது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்து, "நல்ல காலேஜ்தான். வாசல்ல பூந்தொட்டி எல்லாம் வெச்சிருக்கான். நமக்குத்தான் ஒத்துவராது" என்றார். மனைவி அடுத்த காலேஜின் முகவரியை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டாவதில் அலுவலக அம்மாள் குளிர்பானம் கொடுத்து உட்கார வைத்தாள். பாடம் நடத்துகிறவர் யார் என்று கேட்டால் கட்டடத்தின் உயரத்தைச் சொன்னாள். அதற்கும் வீட்டில் அதே பாராட்டு, அதே "ஒத்துவராது".

மூன்றாவது ஒரு பழைய மாடிக் கட்டடம். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனார். யாரும் உபசரிக்கவில்லை. "போய்ப் பாருங்க சார், வகுப்பு நடக்குது, சத்தம் போடாதீங்க" என்று விட்டுவிட்டார்கள். ஆய்வகம் திறந்தே இருந்தது. கை சும்மா இருக்குமா, மூலையில் இருந்த ஃப்ரிட்ஜைத் திறந்தார். கதவு ரப்பர் புதுசு. உள்ளே மருந்துகள் பெயரொட்டி வரிசையாக இருந்தன. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் தூசிகூட இல்லை. மனுஷன் ஆடிப்போய்விட்டார். மாடிப்படியில் இறங்கி வந்த மாணவர்களை மடக்கி, சான்றிதழை மருந்துக் கடைகளில் ஏற்றுக்கொள்கிறார்களா என்று விசாரித்தார். போன வருஷம் முடித்தவர்கள் எந்தெந்தக் கடைகளில் நிற்கிறார்கள் என்று அவர்கள் அடையாளத்தோடு சொன்னார்கள். திரும்பி வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார்; அவர் மனைவியைவிட மூத்த ஒருத்தி, மூக்குக்கண்ணாடி நழுவ நழுவ, தராசில் பொடி நிறுத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் ஏதோ திருத்த, வகுப்பே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவரை உலுக்கிவிட்டது. தன் மனைவி இப்படிச் சிரித்து எத்தனை நாளாகிறது என்று யோசித்தபடி பஸ் ஏறினார். இறங்கும்போது, இந்தக் காலேஜில் மட்டும் அவளைச் சேர விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தார்.

அன்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்.

"அது ஒரு காலேஜா? படி ஏறுறதுக்குள்ள உயிர் போயிடும். போர்டுல எழுத்து மங்கிப்போச்சு. வாத்தியார் போடுற சத்தம் தெருவுக்குக் கேக்குது. பெஞ்சு ஒண்ணு ஆடுது. தண்ணிக் குழாய் உசரம் பத்தல. காவலாளி மூஞ்சியில ஒரு சிரிப்பு கிடையாது."

மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஃப்ரிட்ஜ் இருந்துச்சா?"

"இருந்துச்சு, இருந்துச்சு. ரப்பர்ல ஒரு ஓரமா அழுக்கு." அங்கே இல்லாத அழுக்கு அது.

"சரி," என்றாள் அவள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். பேச்சு அடங்கிவிட்டது, பிழைத்தோம் என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை அவர் வீடு திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. மனைவி தாமதமாக வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"மூணாவதுல சேர்ந்துட்டேன்."

"அடிப்பாவி. அத்தனை குறை சொன்னேனே?"

"அதனாலதாங்க சேர்ந்தேன். உங்களோட குடும்பம் நடத்துறேன், உங்க வியாபாரம் எனக்குத் தெரியாதா? முதல் ரெண்டையும் புகழ்ந்தீங்க, அப்பவே கழிச்சுட்டேன். இதை நீங்க திட்டின திட்டுல, சீட்டு தீர்ந்துடுமோன்னு எனக்குப் பயமே வந்துடுச்சு."

அவர் திருதிருவென்று விழித்தார். தொழிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"எனக்குப் பயமா இருக்கு," என்றார். "நீ படிச்சு, முன்னாடி நின்னு, நாலு பேரோட சிரிச்சுப் பேச ஆரம்பிச்சுட்டா, அப்புறம் நான் உனக்கு வெறும் பழைய சாமான்தானே."

மனைவி கைப்பையை மேசைமேல் வைத்தாள். அவரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். தலையில் விரலால் தட்டி, நெஞ்சில் காதை வைத்து முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, தூங்கினா மோட்டார் இப்படிக் கத்துது? கால் ஆடுது. மேல பெயிண்ட் சுத்தமா போச்சு. வாய்க் கதவு மூடவே மாட்டேங்குது. இதையா இத்தனை நாளா வீட்டுல வெச்சிருந்தேன்?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் ரெண்டு சொல்லேன்," என்றார்.