காலி கிளாஸ்களை எடுத்து வைத்தவர்

“நாலு எழுத்து படிச்சிட்டா லண்டனையே சுத்திடுவியா?” என்று மாமா கேட்டார். ஆபீஸ் வேலையாக லண்டன் போன நான், அந்தக் கேள்விக்காகவே கடைசிச் சனிக்கிழமை மதியம், ஒரு குழுவைப் பப் பப்பாகக் கூட்டிப்போகும் சுற்றுலாவில் சேர்ந்தேன்.

வழிகாட்டி, ஐம்பது வயது யாழ்ப்பாணத்துப் பெண். குட்டையானவர், நரைத்த கிராப்பு. எந்தப் பப்பில் உட்கார்ந்தாலும் காலி கிளாஸ்களை உடனே எடுத்துக் கவுண்டரில் வைத்துவிடுவார்.

“இது அவங்க வேலைதானே அக்கா?” என்றேன்.

“ஓம் பிள்ளை. ஆனா கோவம் வந்தா கை முதல் தேடுறது இதைத்தான்.”

மூன்றாவது பப்பில் எங்கள் குழுவில் இருவர் கால்பந்துக்காக முட்டிக்கொண்டார்கள். ஒருவன் கை மேசையைத் துழாவியது, ஒன்றும் இல்லை. பக்கத்து மேசைக் கிளாஸைப் பிடுங்கி உடைத்து, மற்றவன் முகத்தில் குத்தப் பாய்ந்தான். குறுக்கே விழுந்த வழிகாட்டியின் கை முழங்கைவரை கிழிந்தது. அவர் அவன் மூக்கில் ஒரே குத்து விட்டார். அவன் சரிந்தான்.

போலீஸ் வந்ததும், அவர்தான் முதலில் அடித்தார் என்று அவன் நண்பர்கள் சாதித்தார்கள். பார்த்த மற்றவர்கள் நழுவினார்கள்.

“நீங்கள் போங்கோ பிள்ளை, நாளைக்கு உங்களுக்கு பிளைட். எனக்கு வேலைதானே போகும்” என்றார். ரத்தம் சொட்டச் சொட்ட, மற்றக் கையால் மிச்சக் கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தார். அப்போதும் ஏன் எடுத்தார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் கைநாட்டு. நான் போலீஸ்காரரிடம் பேனா வாங்கி, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.