நாலு தடத்திலும் வண்டி ஓடிய சுற்று

மாணிக்கவேல் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர், என் நாத்தனார் தேவகி. வீட்டுக்காரர் "அடக் கடவுளே" என்று உட்கார்ந்துவிட்டார். தேவகி மல்லாட்டைக் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. நான் விளக்கேற்றி அவர் ஆத்மாவுக்காக வேண்டிக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு அழுகை எதுவும் வரவில்லை.

திண்டிவனத்தில் அவர் கடை மாடியில், நாலு தடம் வெட்டிய மரப்பலகையில் ஸ்லாட் கார் என்ற கரண்டில் ஓடும் பொம்மைக் கார் ஓட்டப் பழகிய கிளப்காரர்கள் உங்களுக்கெல்லாம் அவர் பெரிய மனிதர். இருக்கட்டும். முதல் நாளே ஸ்டாப்வாட்சையும் நோட்டையும் என்னிடம் நீட்டி, "அண்ணி நேரம் எழுதட்டும், நாம ஓட்டலாம். பொம்பளைங்களுக்குக் கை நடுங்கும்பா" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். தேவகி போய் வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் ஒன்றைக் கையில் எடுத்தாள்.

விதியைச் சொன்னவரும் அவர்தான். "நாலு வண்டிக்கும் ஒரே கரண்டு. மூணு நின்னுட்டா மிச்சம் இருக்கறது பறக்கும். நாலும் ஓடினாதான் ரெக்கார்டு." நல்ல விதி. அந்த விதிப்படி தேவகி ஒரு சுற்றை ஆறு புள்ளி எட்டு விநாடியில் முடித்தாள். நம் கிளப்பின் முதல் ரெக்கார்டு.

அடுத்த ஞாயிறு நானும் தேவகியும் மயிலம் கோயிலுக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தோம். சுவரில் தேவகியின் பெயரை அழித்து அவர் பெயர். ஆறு புள்ளி ஆறு.

"மத்த வண்டிங்க ஓடிச்சா?" என்று கேட்டேன்.

"அவங்க டீ குடிக்கப் போயிட்டாங்க அண்ணி. அதுக்கு நான் இன்னா பண்றது?"

"அப்ப டீக்கடைக்காரருக்குத்தான்ணே ரெக்கார்டு குடுக்கணும்" என்றாள் தேவகி. அதன் பிறகு அவள் அந்த மாடிப்படி ஏறவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "அது தேவகியோடதுதான் அண்ணி. எனக்குத் தெரியும். நான் போனப்புறம் மாத்திக்குங்க" என்றார். உயிரோடு இருக்கும்போது உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாங்கிப்போன பழத்தைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன். சாமி மன்னிக்கட்டும், நான் வருத்தப்படவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் சொன்ன விதியை மட்டும்தான்.

முதல் ரெக்கார்டு என்று அவர் பெயரைப் பித்தளைப் பலகையில் பொறிக்கப் போகிறீர்களாம். ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது என் காதில் மட்டும் விழுந்தது. ஆனால் டீ குடிக்கப் போன மூன்று பேரும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தச் சுற்றின்போது உங்கள் வண்டி தடத்தில் ஓடியதா, இல்லையா? பலகையைப் பொறிக்கக் கொடுப்பதற்குள் பதில் எழுதுங்கள்.